கணவருக்குக் கைத்திறன் இருக்கிறது. வீட்டை அவரே புதுப்பிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் ஒரு மாடித் தெரஸ் (வரிசை) வீட்டில் இருக்கிறோம். 1980களில் கட்டிய வீடு. மாமியார், கணவர், நான், இரண்டு பிள்ளைகள். குளியலறை ஒன்றுதான். அதை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறிச் சாயம் உரிகிறது. மழை நாளில் மின்சாரம் அடிக்கடி துண்டிக்கிறது. சமையலறையைப் பின்பக்கம் நீட்ட வேண்டும், கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுக்க வேண்டும், புதிய கேபினெட், தரை, சாயம் எல்லாம் வேண்டும். குத்தகையாளர் ஒருவர் 48,000 வெள்ளி கேட்கிறார், பாதியை முன்பணமாக. எங்களிடம் இருப்பது 30,000. கணவர் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். வார இறுதிகளில் தானே செய்தால் 20,000 வெள்ளியில், தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொன்னால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்? அடுப்பை வாஸ்துப்படி தென்கிழக்குக்கு மாற்றலாமா என்றும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, செந்தூல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவருடைய கைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. தொழிற்சாலைப் பராமரிப்பில் பழகியவர்கள் பலர், குத்தகையாளர்கள் அனுப்பும் ஆட்களைவிட நேர்த்தியாக வேலை செய்வார்கள். அளந்து வெட்டுவார்கள், அவசரப்பட மாட்டார்கள். ஆகவே இதை நம்பிக்கைப் பிரச்சினையாக்கிச் சண்டை போட வேண்டாம்.

குத்தகையாளருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கூலி. இன்னொரு பகுதி, வேலை கெட்டுப்போனால் வந்து நிற்க வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்பதற்கான விலை. கணவர் தானே செய்தால் கூலி மிச்சம்தான். ஆனால் அந்தப் பொறுப்பும் உங்கள் குடும்பத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். சில வேலைகளில் அதைத் தாராளமாகச் சுமக்கலாம். சிலவற்றில் கூடாது. பட்டியலை மொத்தமாக வைத்துக்கொண்டு யோசித்தால் இது பிடிபடாது. ஒவ்வொரு வேலையாக எடுத்து, இது தவறினால் எப்போது தெரியவரும், யாருக்கு அடிபடும் என்று கேளுங்கள். சாயம் சரியில்லை என்றால் மறுநாளே கண்ணில் படும், மீண்டும் அடிக்கலாம். குளியலறைத் தரைக்குள் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு தவறினால் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, கதவு மாட்டி, செலவெல்லாம் முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் உடனே கவனிக்க வேண்டியது மின்சாரம். மழை பெய்தால் இணைப்பு துண்டிக்கிறது என்றால், எங்கோ ஈரம் பட்டு மின்கசிவு ஏற்படுகிறது, மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் (இஎல்சிபி) அதைக் கண்டு நிறுத்துகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சுவரில் உள்ள விளக்காக இருக்கலாம், கூரைக்கு அடியில் ஓடும் பழைய கம்பியாக இருக்கலாம். எரிச்சல்பட்டு அந்தக் கருவியைத் தாண்டி இணைப்புக் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அது இருப்பதால்தான் உங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை உங்கள் கணவர் செய்யக் கூடாது. அவரிடம் தொழிற்சாலை மின்கருவிகளை இயக்குவதற்கான சார்ஜ்மேன் சான்றிதழே இருந்தாலும் அது வேறு வகை. வீட்டு வையரிங்குக்குத் தகுதிச் சான்றிதழ் பெற்ற வையர்மேன் வேண்டும். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு செய்த மின் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் ஜி பாரம், எச் பாரம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது, வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கான சான்று. இரண்டாவது, சோதித்துப் பார்த்ததற்கான சான்று. "அதெல்லாம் எதற்கு அக்கா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

குளியலறையில் சுடுநீர்க் கருவி இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீடுகளில் மாட்டும் உடனடிச் சுடுநீர்க் கருவி பெரும்பாலும் 3.6 கிலோவாட் அளவில் இருக்கும். ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். அந்தக் கம்பிக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பு வேண்டும். பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர் கருவி ஒன்று மட்டும் இருப்பதைப் பார்க்கிறேன். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் உங்கள் மாமியாருக்கு அது போதாது.

அடுத்து, குளியலறை. சரியாகச் செய்வதென்றால் பழைய டைல்ஸையும் அடியில் உள்ள பூச்சையும் கான்கிரீட் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். 1980களின் வீடு என்றால் உள்ளே இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கலாம். அவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். தரை, நீர் வெளியேறும் துளையை நோக்கி 80 அல்லது 100 அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது சரிய வேண்டும். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு. அது தரையோடு நின்றுவிடாமல் சுவரில் குறைந்தது ஓர் அடி ஏற வேண்டும். குளிக்கும் இடத்தில் ஆறடி வரை. குழாய் தரையைத் துளைத்து வரும் இடமும் தரையும் சுவரும் சேரும் மூலையும்தான் கசியும் இடங்கள். அங்கே வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். காய்ந்த பின் துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு முழு நாளாவது விட வேண்டும். மட்டம் இறங்கவில்லை, பக்கத்து அறைச் சுவரில் ஈரமில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ்.

இதில் எந்தப் படியும் உங்கள் கணவருக்குக் கடினமானது அல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது: உங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். நல்ல குத்தகையாளர் தொடர்ந்து ஆள் வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் முடிப்பார். வார இறுதியில் மட்டும் செய்தால் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு சனிக்கிழமை அவருக்கு மிகைநேர வேலை வரும், அடுத்த வாரம் ஒரு கல்யாணம். அத்தனை நாளும் வயதான ஓர் அம்மா காலைக்கடனுக்கு எங்கே போவார்? இதைக் கணக்கில் எடுக்காமல்தான் 20,000 வெள்ளி என்று சொல்கிறார். குத்தகையாளரிடமே கொடுங்கள், அந்த இரண்டு, மூன்று வாரமும் மாமியாரை உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். டைல்ஸ் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் வழுக்காத தரத்தைக் கேளுங்கள். ஆர்10, ஆர்11 என்று பெட்டியில் போட்டிருக்கும். கைப்பிடிக் கம்பிக்கான இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு துளை போட்டால் பூசிய நீர்த்தடுப்பையே துளைப்பீர்கள்.

சமையலறை நீட்டிப்பை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். காரணம் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் எந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போனாலும், பின்பக்கம் நீட்டிய சமையலறையும் பழைய வீடும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய வீடு அதற்கென்று போட்ட அடித்தளத்தில் பல பத்தாண்டுகள் இறங்கி நிலைத்துவிட்டது. புதிய பகுதியையோ, பின் முற்றத்தில் மண் நிரப்பி, அதன்மேல் ஒரு கான்கிரீட் தளம் ஊற்றிக் கட்டிவிடுகிறார்கள். நிரப்பிய மண் இறங்கும், புதிய பகுதி அதோடு இறங்கும், பழையது நகராது. இரண்டையும் இறுக்கமாகக் கட்டியிருந்தால் சேரும் இடம் பிளக்கும், மழைநீர் அதன்வழி உள்ளே வரும். இந்த நகரத்தில் நிறைய இடங்கள் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களாக இருந்து பிறகு நிரப்பப்பட்டவை. உங்கள் தாமானுக்கு அடியில் என்ன மண் என்பதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல முடியும். விரிசலுக்குச் சிமெண்ட் பூசி, மேலே சாயம் அடித்து, அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் பூசி, இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் குடும்பங்கள் உண்டு. புதிய பகுதிக்குத் தனி அடித்தளம் வேண்டும். இரண்டுக்கும் இடையே அசைவுக்கு இடம் கொடுக்கும் இடைவெளி விட்டு அதைச் சரியாக மூட வேண்டும். நிலம் மோசமென்றால், தூண்களை ஆழமாக நிலத்தில் இறக்கும் பைலிங் தேவைப்படும்.

அதோடு, இது அனுமதி இல்லாமல் செய்யக்கூடிய வேலை அல்ல. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கிறது. கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவு பெற்ற கட்டட வரைவாளர் வழியாகக் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்-க்கு வரைபடம் போக வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி வாங்கினாரா?" என்று உங்கள் கணவர் கேட்பார். வாங்காமல் இருக்கலாம். வீட்டை விற்கும்போதோ யாராவது புகார் செய்யும்போதோ அவருக்கு அது தெரியவரும். பின் முற்றத்தில் கழிவுநீர் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்மேல் சமையலறை கட்டிவிட்டால், அடைப்பு வரும் நாளில் அடுப்பங்கரையைத் தோண்ட வேண்டிவரும்.

இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் குத்தகையாளர் சொல்லும் 48,000 வெள்ளி எனக்கு அதிகமாகப் படவில்லை. குறைவாகத்தான் படுகிறது. வரைபடக் கட்டணம், அடித்தளம், இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவு அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். "அதெல்லாம் தனி" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கூடத்துச் சுவர். துளையிட்டால் சிவப்புத் தூள் வந்தால் செங்கல், எனவே உடைக்கலாம். சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட், உடைக்கக் கூடாது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பழைய வீடுகளில் செங்கல் சுவரே பாரம் தாங்கிக்கொண்டிருக்கலாம். கூரையின் மரச்சட்டங்கள் அந்தச் சுவரின் தலையில் உட்கார்ந்திருக்கின்றனவா, மேலே உத்திரம் ஓடுகிறதா என்று உட்கூரைக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஒருமுறை வந்து பார்க்கும் கட்டணத்தை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். உடைக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தால், உடைத்து அப்புறப்படுத்தும் வேலையை உங்கள் கணவரே செய்யலாம்.

ஆனால் உட்கூரையைத் தொடும் முன் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து வீடுகளின் உட்கூரையிலும் கூரையிலும் கல்நார் கலந்த சிமெண்ட் அட்டைகள் இருக்க வாய்ப்பு உண்டு. அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. வெட்டினால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். நோய் பல பத்தாண்டுகள் கழித்து வரும். பிள்ளைகள் இருக்கும் வீடு. என்ன அட்டை என்று உறுதியாகத் தெரியும்வரை உங்கள் கணவர் அதில் கை வைக்க வேண்டாம்.

மீதி எல்லாம் அவருடையது. பழைய கேபினெட்டைக் கழற்றுவது, புதியதை வாங்கி வந்து பொருத்துவது, இருக்கும் தரை ஓட்டின் மேலேயே வினைல் பலகை விரிப்பது, சாயம் அடிப்பது, வெளிக்கதவு, பின்வாசல் கம்பி. சேராஸ் இக்கியாவில் பெட்டிகளாக வாங்கி வந்து பொருத்தும் சமையலறைக் கேபினெட் இவரைப் போன்றவர்களுக்கென்றே செய்தது. இவற்றில் கூலி நன்றாகவே மிச்சமாகும், தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: ஈரம் ஏறிய படுக்கையறைச் சுவருக்குக் குளியலறை வேலை முடியும் முன் சாயம் அடிக்கக் கூடாது. அதன் பிறகும் பழைய பூச்சைச் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாயமும் கொப்புளித்து உரியும். உடைத்த கல்லும் மண்ணும் குப்பை லாரியில் போகாது. ரோரோ தொட்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். பின்சந்தில் கொட்டிவிட்டு வரலாம் என்ற யோசனை வந்தால் அதை நீங்களே தடுத்துவிடுங்கள்.

இப்படிப் பிரித்துச் சொன்னதும் உங்கள் கணவருக்கு இன்னொரு யோசனை வரும். முதன்மைக் குத்தகையாளர் எதற்கு, கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் ஆள் என்று தனித்தனியாக நானே பிடித்து வேலை வாங்குகிறேனே என்பார். கேட்க நன்றாக இருக்கும் யோசனை. பலரை மாட்டிவிடும் யோசனையும் இதுதான். பிளம்பர் ஒரு நாள் வராவிட்டால், காத்திருந்த டைல்ஸ் ஆள் வேறு தளத்துக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடும். பிறகு தண்ணீர் கசிந்தால், பிளம்பர் டைல்ஸ் ஆளைக் கைகாட்டுவார், டைல்ஸ் ஆள் பிளம்பரைக் கைகாட்டுவார். இருவருக்கும் நடுவில் உங்கள் கணவர் நிற்பார், அதுவும் தொழிற்சாலையில் வேலை நேரத்தில், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு. பகலில் வீட்டில் இருக்க முடிந்தவருக்கு இந்த வழி சரிவரும். உங்கள் வீட்டுக்கு வராது.

ஆகவே குளியலறையையும் அது சார்ந்த குழாய் வேலையையும் ஒரே குத்தகையாளரிடம் கொடுங்கள். அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிவு பெற்றவரா என்று அதன் இணையத்தளத்திலேயே பார்க்கலாம்; ஜி1 முதல் ஜி7 வரை தரம் போட்டிருக்கும். உங்கள் வேலைக்கு ஜி1 போதும். அவர் முடித்த வீடுகளில் ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். நேற்று முடித்ததை அல்ல, ஒரு மழைக்காலமாவது தாண்டியதை. அங்கே குளியலறைத் தரையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும் டைல்ஸ் பொத்தென்று ஒலிக்கும்.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். தொடங்கப் பத்து விழுக்காடு போதும். கொத்தி முடித்ததும் ஒரு பகுதி, தண்ணீர் தேக்கும் சோதனை தேறியதும் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசிப் பத்து விழுக்காட்டை, வேலை முடிந்து ஒரு மாதம் குளித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். விலைப்பட்டியலில் "குளியலறை வேலை: இவ்வளவு வெள்ளி" என்று ஒரே வரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். டைல்ஸ் சதுர அடி என்ன விலை வரை, எந்த நீர்த்தடுப்புப் பொருள், எத்தனை பூச்சு, இடிபாட்டை யார் எடுப்பது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கூடுதல் வேலை எதுவானாலும், விலை எழுதி நீங்கள் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

இந்தக் காகிதங்கள் எதற்கு என்றால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்கு. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் ரசீது இருந்தால்தான் யார்மேல் கோருவது என்பதாவது தெரியும். வேலையைக் கணவரே செய்திருந்தால் யார்மேல் மனுப் போடுவீர்கள்? இதை அவரிடம் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

உங்கள் 30,000 வெள்ளி, நீட்டிப்பைத் தள்ளி வைத்தால், வையரிங், குளியலறை, கேபினெட், தரை, சாயம் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் என்றே நினைக்கிறேன். அதிலும் 4,000 வெள்ளியைத் தொடாமல் வையுங்கள். பழைய தரையைக் கொத்தினால் எதிர்பாராத ஒன்றாவது வெளியே வரும்.

தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் குளியலறையில் கை வைக்க வேண்டாம். "பண்டிகைக்குள் முடித்துத் தருகிறேன்" என்ற வாக்கை அந்த நேரத்தில் எல்லாக் குத்தகையாளரும் எல்லா வீட்டிலும் கொடுத்திருப்பார்கள். பண்டிகைக்கு முன் வையர்மேனையும், உங்கள் கணவரின் சாயத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சுவரை மட்டும் விட்டுவிட்டு. குளியலறை பண்டிகைக்குப் பிறகு. கொத்தத் தொடங்கும் முன், பொதுச் சுவர் உள்ள அண்டை வீட்டாரிடம் சொல்லி, அவர் வீட்டுப் பக்கத்துச் சுவரை அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த விரிசலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டிய நிலை வராது.

வாஸ்து பற்றிக் கேட்டீர்கள். நம்பிக்கை உங்களுடையது, குழாய் பற்றி மட்டும் நான் சொல்லலாம். எரிவாயு உருளையில் எரியும் அடுப்பைத் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்துவது எளிது. கேபினெட் வரைபடம் போடும்போதே கணவரிடம் சொல்லிவிடுங்கள், புகை வெளியேறும் வழியையும் அங்கே பார்த்துக்கொள்ளட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியை மட்டும் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். அதன் கழிவுக்குழாய் பின்சந்து நோக்கிப் போகிறது. அதை வேறு மூலைக்குத் திருப்பினால் குழாய் நீளும், சரிவு குறையும், சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் வழியில் தேங்கும். எந்தத் திசையில் வைத்தாலும் அடைத்துக்கொள்ளும்.